முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

சாவிக்கொத்து போய்விட்டது. மூன்று மாதமாக யாருக்கும் தெரியாமல் இடுப்புக்கு அடியில் வைத்துப் படுத்த சாவிக்கொத்து. முழங்காலுக்கு அடியில் உருண்டைத் தலையணையைச் சொருகக் குனிந்த ஜெசிந்தா டீச்சர் கையில் அது தட்டுப்பட்டது. "இது என்ன அண்ணாச்சி?" என்று உருவித் தூக்கிக் காட்டி, "கேட் சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி, அம்புட்டையும் நடு இடுப்புல குத்த வச்சிட்டு, வலி போகலை டீச்சர், வலி போகலை டீச்சர்னா எப்படிப் போகும்?" என்றார். பாளையங்கோட்டையில் ஓய்வூதியர் சங்கத்து மாடி ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துக் கிடந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரித்துவைத்தார். "மடியில இருந்து நழுவியிருக்கும் டீச்சர்" என்றார். நழுவுமாம்! தினமும் காலை ஏழே காலுக்கு, யோகா வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிஷம் எல்லாரும் சவாசனத்தில் படுக்கும்போது, பீரோ சாவியின் பல் முதுகெலும்பைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையைச் சாய்ப்பார். அது குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குத்தினால்தான் உறக்கம் வராது. உறங்கினால் அவருக்கு வாய் உளறும். உளறினால் ஒரு கை தூரத்தில் பக்கத்துப் பாயில் கிடக்கிற பீர் முகமதுவின் காதில் விழும். அன்றைக்கு எருமை ஏதும் குறுக்கே வரவில்லை என்கிற அந்த ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், பதினோரு வருஷம் மூடி வைத்தது எல்லாம் போச்சு. ஜன்னல் விளிம்பில் சாவியை வைக்கிற சத்தம் கேட்டது. "இனி பதினஞ்சு நிமிசத்துக்கு யாரும் அசையக் கூடாது. உடம்பைத் தலையணைகிட்ட ஒப்படைச்சிருங்க" என்று டீச்சர் சொல்வது கேட்டது. மடித்த துண்டு ஒன்று அவர் கண்மேல் வந்து விழுந்தது. இருட்டிவிட்டது.

அடப்பாவி, எவ்வளவு சுகமாக இருக்கிறது! அதை நினைத்ததும்தான் அவருக்கு முதல் பயம் வந்தது. முழங்கால் இரண்டும் தலையணை மேல் ஏறிக்கொண்டதில், எப்போதும் பாலம் மாதிரி தூக்கிக்கொண்டே நிற்கிற இடுப்பு பையப் பையத் தரையில் இறங்கியது. கழுத்துக்கு அடியில் மடித்த ஜமுக்காளம். இரண்டு முழங்கைக்கும் கீழே துண்டுச் சுருள். வயிற்றின் மேல் இரண்டு கிலோ அரிசிப் பை, கனமாக, இதமாக, ஒரு கை வைத்து அமர்த்தின மாதிரி. வலி இருக்கிற இடத்தைத் தேடிப் பார்த்தார். காணவில்லை. வலியைக் காணவில்லை என்று பதறுகிற ஒரு மனுஷனை ஊரில் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் டீச்சர் சொன்ன சாமான் பட்டியலைக் கேட்டுவிட்டு இவர் வீட்டில் போய் எவ்வளவு நக்கல் பண்ணினார். தலையணை ஒன்று, ஜமுக்காளம் ரெண்டு, நீளப் பெல்ட், மரக்கட்டை ரெண்டு, நாற்காலி, "இது என்ன யோகாவா, வீடு காலி பண்ணிட்டுப் போறதா?" என்று மனைவி பகவதியிடம் கேட்டார். கட்டைக்குப் பதிலாகச் செங்கல்லைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனார். பெல்ட்டுக்குப் பதில் வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சைப் பெல்ட்டைக் கொண்டுபோனார். டீச்சர் கோபப்படவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர், எத்தனை அடத்தைப் பார்த்திருப்பார். "உடம்பு தரையைத் தொடலைன்னா, தரையைக் கொஞ்சம் தூக்கி உடம்புக்குக் கொடுக்கணும் அண்ணாச்சி, அம்புட்டுத்தான் விசயம்" என்றார். நல்ல பேச்சுத்தான். ஆனால் டீச்சர் பஸ் ஓட்டினவர் இல்லை. சுகம் வந்தால் கண் சொருகும், கண் சொருகினால் ஐம்பது உயிர் என்பது டீச்சருக்குத் தெரியாது. டிரைவர் சீட்டில் மற்றவர்கள் எல்லாம் குஷன் போட்டு, அதன் மேல் துண்டு விரித்து உட்காருவார்கள். ஆவுடையப்பனும் அப்படி உட்கார்ந்தவர்தான். அந்த ஒரு நாளுக்கு அப்புறம் குஷனைத் தூக்கி டிப்போக் குப்பையில் எறிந்துவிட்டு, ரிட்டயர் ஆகும்வரை ஒன்பது வருஷம் வெறும் தகரத்தில் உட்கார்ந்து ஓட்டினார். முதுகு போனது அதனால்தான். டாக்டர் கேட்டார், பகவதி கேட்டாள், டீச்சர் கேட்டார், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும்.

கண்ணைத் திற. துண்டுக்கு உள்ளேயே திறந்து வைத்துக்கொள். திறந்தார். நூல்களுக்கு நடுவே காலை வெயில் பழுப்பாகத் தெரிந்தது. இமை தானாகக் கீழே வந்தது. பக்கத்தில் பீரின் மூச்சு சீராக இழுத்தது. உறங்குகிறானா? உறங்கினால் நல்லது, நான் உளறினாலும் கேட்காது. உறங்கவில்லை என்றால்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை அவன் இந்த ஹாலுக்குள் நுழைந்தபோது, ஆவுடையப்பன் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் நடையைத்தான் கேட்டார். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. "அண்ணாச்சி! நீங்களுமா? பாருங்க, அல்லா எங்கன கொண்டாந்து சேர்த்திருக்கான்னு" என்று முகமெல்லாம் சிரிப்பாகப் பக்கத்துப் பாயைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கே வராமல் நின்றிருக்கலாம். நின்றால் மேலப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்து நிற்பான், ஏன் அண்ணாச்சி வரலை, உடம்புக்கு முடியலையா என்று. அங்கே பகவதி இருக்கிறாள். காப்பியைக் கொடுத்துக்கொண்டே அவளே சொல்லிவிடுவாள். அவளுக்கு இது சிரிப்பு விஷயம். "நேத்தும் எருமை எருமைன்னு பெனாத்துதிய. எந்த எருமை உங்களை இந்தப் பாடு படுத்துது? நான்தானா?" என்று கேட்கிறவள். எருமை என்பதோடு நிற்கிறதா, அதற்கு மேலும் வருகிறதா என்று அவளிடம் கேட்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை. அதனால் தினமும் வந்தார். சாவியை வைத்துக்கொண்டு படுத்தார். இன்றைக்குச் சாவி இல்லை.

நாக்கைக் கடித்துப் பார்த்தார். முன்பெல்லாம் பச்சை மிளகாயைக் கடிப்பார். பின்கழுத்தில் ஈரத்துண்டைப் போடுவார். வாயில் புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டு பத்து மைல் ஓட்டுவார். அன்றைக்கு மட்டும் மிளகாயும் இல்லை, புளியங்கொட்டையும் இல்லை, வாய் நிறையப் பிரியாணி வாசம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். பாபநாசத்தில் வண்டியை ஓரம் கட்டினதும் கண்டக்டர் பீர் நாலு அடுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தான். வேப்பமர நிழல். "இன்னும் ஒரு கரண்டி அண்ணாச்சி. எங்க வீட்ல உங்களுக்குன்னே எடுத்து வச்சது." அவன் போடப் போட இவர் தின்றார். அதற்கு முந்தின நாள் ஆள் வரவில்லை என்று டபுள் டூட்டி. மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு வண்டி எடுத்தார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், எல்லாம் நினைவிருக்கிறது. சேரன்மகாதேவியில் ஒரு அம்மா வாழைத்தார் ஏற்றினது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல், ஜன்னலில் காற்று, சீட்டில் குஷன், வயிற்றில் சோறு. இப்படியேதான் இருந்தது. ஐயையோ, இப்படியேதான், இதே இதம், இதே கனம், இமைக்குள்ளே இதே பழுப்பு. ஒரு விசில் கேட்டது. கண்ணைத் திறந்தால் ரோட்டைக் காணோம். முன்னால் கால்வாய்க் கரை, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். வலது காலை அவர் அழுத்தின அழுத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கரைக் கல்லில் முட்டி நின்றது. ஐம்பத்து மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் பீர். பின்னால் இருந்தவன் முன்னால் பறந்து வந்து இன்ஜின் பெட்டி மேல் விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்த சத்தத்தை ஆவுடையப்பன் கேட்டார். அந்தச் சத்தத்தின் மேலேயே அவர் வாய் கத்தியது: "எருமை! எருமை குறுக்கே வந்துட்டு!" யோசித்துச் சொன்னதில்லை. எருமை எங்கிருந்து வாயில் வந்தது என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

சரி, சொன்னது சொன்னாச்சு, அதோடு விட்டானா பீர்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்க, விசாரிக்க வந்த அதிகாரியிடம், "ஆமா சார், நானும் பாத்தேன். நல்ல கறுப்பு எருமை. இடது கொம்பு பாதி ஒடிஞ்சது. அண்ணாச்சி இல்லைன்னா அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ள" என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். கட்டில் ஓரத்தில் நின்ற ஆவுடையப்பன் அவன் வாயையே பார்த்தார். இல்லாத எருமைக்கு ஒடிந்த கொம்பு! ஒரு டிரைவர் வார்த்தைக்குக் கண்டக்டர் கொடுக்கிற மரியாதை அது. டிரைவர் எருமை என்றால் கண்டக்டருக்கும் எருமைதான், அப்படித்தான் அந்த வேலையில் இருக்கிறவர்கள். ஆனால் கொம்பு? பாதி ஒடிந்தது என்று அத்தனை துல்லியமாக எதற்குச் சொன்னான்? நிஜமாகவே ஒன்று வந்ததோ? நான்தான் பார்க்கவில்லையோ? கண் மூடியிருந்தால் எப்படிப் பார்க்க முடியும்? அட, அப்படியானால் எருமை வந்திருக்கலாமே! இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும். உடனே அந்த விசில் ஞாபகம் வரும், திரும்பவும் இறுகும். அந்த விசிலை ஏன் அடித்தான்? சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவில் ஸ்டாப்பிங்கே கிடையாது. எருமையைப் பார்த்து யாரும் விசில் அடிப்பதில்லை, கத்துவார்கள். யாராவது அவசரமாக இறங்கக் கேட்டிருப்பார்கள். ஆமாம், அந்த வாழைத்தார் அம்மாவாக இருக்கும். இல்லையே, அவள் டவுனுக்கு அல்லவா டிக்கெட் எடுத்தாள். பதினோரு வருஷமாக இந்த ஒரு விசிலைச் சுற்றிச் செக்குமாடு மாதிரி வருகிறார். கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் தானும் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அவன் முகம் எப்படி மாறும்? அதற்கப்புறம் அவனுக்கு வண்டி ஏற முடியவில்லை, டிப்போவில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். அவன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எழுந்து போய்க் கட்டித் தழுவ முடியாமல் நாற்காலியிலேயே இருந்தான். அந்தக் கல்யாணத்தில் இவரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, "இவங்கதான் எங்க டிரைவர் அண்ணாச்சி, இவங்க முழிப்பாலதான் நான் இன்னைக்கு உசிரோட இருக்கேன்" என்று எல்லாருக்கும் காட்டினான். முழிப்பாம். அந்த வார்த்தையில் ஆவுடையப்பனுக்கு மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

அரிசிப் பை மேலே போனது, கீழே வந்தது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? அஞ்சா, ஆறா? எழுந்து உட்கார்ந்துவிடலாம். மூத்திரம் வருகிறது என்று சொல்லலாம். சொல்லு. வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கு. கை துண்டுச் சுருளில் அழுந்திக் கிடந்தது, தன் கை மாதிரியே இல்லை. இது நல்லதுக்கில்லை, ஆவுடையப்பா, முழித்துக்கொள். ஸ்டாப்பிங் எண்ணு. எண்ணிக்கொண்டே இருந்தால் உறக்கம் வராது. பாபநாசம். விக்கிரமசிங்கபுரம். அம்பாசமுத்திரம், அங்கே ரெண்டு நிமிஷம் நிற்கணும். கல்லிடைக்குறிச்சி, அப்பளக் கட்டோடு ஒருத்தர் ஏறுவார். வீரவநல்லூர். முழங்காலில் இருந்து சூடு மெல்ல மேலே ஏறியது. யார் அந்தத் தலையணைக்குப் பஞ்சு அடைத்தார்களோ, நன்றாக இருக்கணும். சேரன்மகாதேவி. வாழைத்தாரைப் பின்னால வைங்கம்மா. ரைட், போலாம். எருமை ஒன்று வரப்பில் நின்று இவரையே பார்த்தது. நீ வரலையே அன்னைக்கு, வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், வா, இப்பவாவது குறுக்கே வா என்று அவர் கெஞ்சினார். அது அசையவில்லை. கொம்பு இரண்டும் முழுசாக இருந்தது. அடுத்தது பத்தமடை, பத்தமடை வந்தால் பாய் விற்கிறவன் ஏறுவான், பாய் விரித்துப் படுக்கலாம், கொஞ்சம், ஒரே ஒரு

விசில்.

வலது கால் தானாக உதைத்தது. உருண்டைத் தலையணை உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஹாலில் யாரும் இல்லை. பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். கீழே ஜெசிந்தா டீச்சர் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு, இழுக்கிற காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார் பீர் முகமது. விசில் அடித்த விரல் இரண்டும் இன்னும் உதட்டில் இருந்தது.

"எம்புட்டு நேரம் பீரு?"

"முக்கால் மணி நேரம். டீச்சர் எழுப்ப வந்தாங்க. நான்தான், பாவம், ஒறங்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்னு அனுப்பி வச்சேன்."

"நான்... ஏதும் பேசினேனா?"

பீர் அந்தப் பச்சைப் பெல்ட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து முனையை உள்ளே சொருகினார்.

"பேசினிய. எருமை வரலை பீரு, எருமை வரலை பீருன்னு ரெண்டு மட்டம் சொன்னிய."

போச்சு. ஆவுடையப்பன் பாயைப் பார்த்தார். பாயில் பார்க்க ஒன்றுமில்லை. ஓடலாம் என்றால் கால் மரத்திருந்தது.

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் பீர். "டிக்கெட் கிழிச்சிட்டுத் தற்செயலா நிமிந்து பாக்கேன். உங்க தலைக்கு மேல இருக்குமே ஒரு கண்ணாடி, அதுல உங்க ரெண்டு கண்ணும் மூடியிருக்கு. அதைப் பாத்துட்டுத்தான விசில் அடிச்சேன். பெறகு வேற எதுக்கு அந்த அத்துவானத்துல அடிப்பேன்?"

"அப்ப அந்தக் கொம்பு?"

"அது எங்க வீட்டு எருமை. வந்த ஆபீசர் நம்பணும்லா? எருமைன்னு மட்டும் சொன்னா எந்த எருமைம்பாரு. இருக்கிற ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆவுடையப்பன் வாய் கோணியது. பீர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு சோத்தை அள்ளிப் போட்டவன் நான். அதனால உங்களைக் காட்டிக் கொடுக்க மனசு வரலை. அது வேற கணக்கு. ஆனா அண்ணாச்சி, கோவம் இல்லையான்னா இருக்கு. ஒறங்கினதுக்கு இல்லை. யாருக்குத்தான் கண்ணு அசராது? ஆஸ்பத்திரிக்கு மூணு மாசம் வந்திய. கல்யாணத்துக்கு வந்திய. மேடையில வச்சு உங்க முழிப்பாலதான்னு சொன்னேனே, ஏன்னு நெனைச்சிய? அன்னைக்காவது எறங்கி வந்து, இல்லைவே பீரு, நான் ஒறங்கிட்டேன்னு என் காதுல ஒரு வார்த்தை சொல்லுவியன்னு பாத்தேன். இங்கன பக்கத்துல பாயைப் போட்டு மூணு மாசம் படுத்துப் பாத்தேன். கடைசியில ஒறங்கித்தான் சொல்லணுமா?"

ஆவுடையப்பன் அந்த நீட்டின காலைப் பார்த்தார். பதினோரு வருஷமாக எதைக் கண்டு ஒளிந்தாரோ அது பக்கத்துப் பாயில் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. இத்தனைக்கும் பயம் இன்னும் போகவில்லை, அதுதான் ஆச்சரியம். இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது. ஏனென்றால் இப்போது முழித்துக்கொண்டு சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

"நான் ஒறங்கிட்டேன் பீரு. என்னாலதான் உன் கால் போச்சு."

பீர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்த மாதிரியும் இருந்தது, வெயிலுக்குக் கையை வைத்த மாதிரியும் இருந்தது. அப்புறம் கையை நீட்டினார். "எந்திரிக்கணும். தோளைக் கொடுங்க."

கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்த உடம்பின் பாரம் அவர் மேல் விழுந்தது இதுதான் முதல் தடவை. இவ்வளவு கனத்தையா இவன் ஒற்றைக் காலில் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று நினைத்தபோது அவருக்குத் திக்கென்றது. ஜன்னல் விளிம்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். மாடிப்படி பதினெட்டு. தினமும் பீர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து இறங்குவதை, பின்னால் வந்தும் பார்க்காத மாதிரியே பாவனை செய்கிறவர் ஆவுடையப்பன். இன்றைக்கு முதல் படியில் நின்று கீழே பார்த்தார். ரொம்ப ஆழமாகத் தெரிந்தது. கால் வைக்கப் பயந்து அப்படியே நின்றார்.

தோளில் கனம் அழுந்தியது. காதுக்குப் பக்கத்தில் சின்னதாக ரெண்டு விசில் கேட்டது.

"ரைட், போலாம்" என்றார் பீர். "படியைப் பாத்து எறங்குங்க அண்ணாச்சி."